உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில் படிவ அமைப்புகளைச் சேமித்தல் - ஒரு வரலாறு

முன்னுரை

இணையதளம் ஒன்றை நடத்துபவர் அதன் நிர்வாகப் பக்கத்தில் ஒரு படிவத்தைத் திறக்கிறார். தளத்தின் பெயர், மின்னஞ்சல் முகவரி, முகப்பில் எத்தனை கட்டுரைகள் காட்டப்பட வேண்டும் என்பது போன்றவற்றை நிரப்பி, 'சேமி' எனும் பொத்தானை அழுத்துகிறார். 'அமைப்புகள் சேமிக்கப்பட்டன' என்ற செய்தி திரையில் தோன்றுகிறது. பெரும்பாலானோர் அதற்கு மேல் அதைப் பற்றி எண்ணுவதில்லை.

ஆனால் அந்த அமைப்புகள் எங்கே சேமிக்கப்பட்டன? எந்த வடிவில் சேமிக்கப்பட்டன? எந்த எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டன? இம்மூன்று கேள்விகளுக்கும் உரிய விடைகளைப் பொறுத்தே, மென்பொருளைப் புதுப்பிக்கும் போதும், தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும் போதும் அவை பிழைக்குமா அழியுமா என்பது முடிவாகிறது. தேனி அல்லிநகரம் போன்ற ஊர்களில் ஒரு பள்ளியோ, நூலகமோ, உழவர் குழுவோ நடத்தும் சிறிய தளங்களுக்குத் தனியாக நிரலாளர் இருப்பது அரிது. அமைப்புகள் அழிந்தால் மீண்டும் அமைக்கத் தெரிந்தவர் அங்கு இருக்கமாட்டார். குறிப்பாக, தமிழில் உள்ளிடப்படும் அமைப்புகள் ஆங்கில அமைப்புகளைக் காட்டிலும் அதிகமான இடர்களைச் சந்தித்துள்ளன. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வலைப் படிவத்தின் தொடக்கம்

வையக விரிவு வலையின் தொடக்கக் காலப் பக்கங்கள் படிப்பதற்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கிய தேசிய மீக்கணினிப் பயன்பாட்டு மையம், பயனர் நிரப்பும் தகவலை வழங்கியிலுள்ள ஒரு நிரலுக்குக் கொண்டு சேர்க்கும் 'பொது நுழைவாயில் இடைமுகம்' எனும் முறையை உருவாக்கியது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் படிவம் முறையான இடத்தைப் பெற்றது.

அதே 1995 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தமது சொந்தப் பக்கத்திற்காக எழுதிய சிறு கருவிகளை வெளியிட்டார். பின்னாளில் பி.எச்.பி. என உலகெங்கும் பரவிய மொழி அதிலிருந்தே வளர்ந்தது. அதன் தொடக்கப் பதிப்புகள் 'பி.எச்.பி./எஃப்.ஐ.' என்று அழைக்கப்பட்டன. எஃப்.ஐ. என்பதன் பொருள் 'படிவ விளக்கி' என்பதாகும். இன்று வலையில் புழங்கும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில் பல இம்மொழியில் எழுதப்பட்டவை. படிவத்தைப் படித்துப் புரிந்து கொள்வதே அம்மொழியின் முதல் வேலைகளுள் ஒன்றாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எச்.டி.எம்.எல். படிவத்தில் தொடக்கம் முதலே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. தேர்வுப் பெட்டி ஒன்றில் குறியிட்டால் அதன் பெயரும் மதிப்பும் வழங்கிக்குச் செல்லும். குறியை நீக்கிவிட்டால் 'வேண்டாம்' என்ற விடை செல்வதில்லை. அந்தப் பெட்டியைப் பற்றிய எந்தச் செய்தியும் செல்வதில்லை. தேர்வுத்தாளில் ஒரு வினாவுக்குத் 'தவறு' என எழுதுவதும், விடை எழுதாமல் விடுவதும் வேறு வேறு. வலைப் படிவத்தில் இவ்விரண்டும் ஒன்றாகி விடுகின்றன. விடை வராத இடத்தில் பழைய மதிப்பை அப்படியே வைத்துக் கொள்ளும் நிரல், பயனர் 'வேண்டாம்' என்று சொன்னதை ஒருபோதும் சேமிக்காது. படிவ அமைப்புகளைச் சேமிக்கும் நிரலை முதன்முதலாக எழுதுபவர்கள் இன்றும் இந்த இடத்தில் தவறுகின்றனர்.

கோப்பில் எழுதப்பட்ட அமைப்புகள்

தொடக்கக் கால வலை மென்பொருள்களில் அமைப்புகள் பெரும்பாலும் ஒரு கோப்பில் இருந்தன. தளத்தின் பெயரை மாற்ற வேண்டுமானால் அக்கோப்பைக் கணினிக்குப் பதிவிறக்கி, உரிய வரியைத் திருத்தி, மீண்டும் வழங்கிக்கு ஏற்ற வேண்டும். ஒரு மேற்கோள் குறியோ அரைப்புள்ளியோ விடுபட்டால் தளம் முழுவதும் நின்றுவிடும். மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும் போது, பழைய அமைப்புக் கோப்பின் மேல் புதிய கோப்பு எழுதப்பட்டால், அதுவரை செய்திருந்த மாற்றங்கள் அனைத்தும் மறைந்து போகும்.

இம்முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் தளம் முழுமைக்குமான அமைப்புகள் இன்றும் 'லோக்கல் செட்டிங்ஸ்' எனும் கோப்பிலேயே எழுதப்படுகின்றன. தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை வேர்டுபிரஸ் மென்பொருளும் ஒரு கோப்பில்தான் வைத்திருக்கிறது. தரவுத்தளத்தைத் திறக்கும் சாவியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைக்க முடியாது என்பதே இதற்குக் காரணம்.

தரவுத்தளத்திற்கு மாறிய அமைப்புகள்

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டெர்ட், தம் நண்பர்கள் செய்தி பகிர்வதற்காக ஒரு சிறு தளத்தை உருவாக்கினார். டச்சு மொழியில் சிற்றூர் எனப் பொருள்படும் 'டோர்ப்' என்ற சொல்லை அதற்குப் பெயராகப் பதிவு செய்ய எண்ணியவர், தட்டச்சில் எழுத்து மாறியதால் 'டிராப்' எனப் பதிவு செய்தார். துளி எனும் பொருள் கொண்ட டச்சுச் சொல்லிலிருந்து 'ட்ரூபல்' எனும் பெயர் பிறந்தது. 2001 ஜனவரியில் ட்ரூபல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் 'பி2' எனும் பழைய மென்பொருளிலிருந்து கிளைத்த வேர்டுபிரஸ் மென்பொருளை வெளியிட்டனர். 2005 இல் மாம்போ மென்பொருளிலிருந்து ஜூம்லா பிரிந்து வந்தது.

இவற்றின் வழியாக அமைப்புகளைத் தரவுத்தளத்தில் வைக்கும் முறை பரவலானது. ட்ரூபலில் 'வேரியபிள்' எனும் அட்டவணையும், வேர்டுபிரஸ்ஸில் 'ஆப்ஷன்ஸ்' எனும் அட்டவணையும் இதற்கென்றே அமைந்தன. இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான். ஒரு நெடுவரிசையில் அமைப்பின் பெயர். மற்றொன்றில் அதன் மதிப்பு. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணைக் கொண்டு மாணவரைத் தேடுவது போல, பெயரைச் சொன்னால் மதிப்பு கிடைக்கும்.

2004 மே மாதம் வெளியான வேர்டுபிரஸ் 1.2 பதிப்பில் செருகுநிரல் வசதி வந்தது. அதன்பின் மூல மென்பொருளைத் தொடாமல், எவரும் ஒரு செருகுநிரலை எழுதி, அதற்கான அமைப்புகளை இதே அட்டவணையில் சேமிக்க முடிந்தது. மென்பொருளைப் புதுப்பித்தாலும் அட்டவணை அழியவில்லை.

2006 இல் வெளியான ட்ரூபல் 4.7 பதிப்பில் படிவங்களை உருவாக்குவதற்கான ஒரு பொது முறை சேர்க்கப்பட்டது. நிரல்கூறு ஒன்றை எழுதுபவர், படிவத்தில் எந்தெந்தப் புலங்கள் வேண்டும் என்று ஒரு பட்டியலாகக் கொடுத்தால் போதும். அமைப்புப் படிவங்களுக்கென இருந்த செயற்கூறு ஒன்று, சேமிக்கும் பொத்தானைத் தானே சேர்த்து, ஒவ்வொரு புலத்தின் பெயரையும் அமைப்பின் பெயராகக் கொண்டு 'வேரியபிள்' அட்டவணையில் எழுதிவிடும். சேமிக்கும் நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டிய தேவை நீங்கியது.

வசதியோடு புதிய சிக்கல்களும் வந்தன. அட்டவணை ஒன்றே என்பதால், இரு வேறு செருகுநிரல்கள் ஒரே பெயரைப் பயன்படுத்தினால் ஒன்று சேமித்ததை மற்றொன்று அழித்துவிடும். எனவே பெயருக்கு முன் தன் செருகுநிரலின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பது வழக்கமானது. செருகுநிரலை நீக்கிய பிறகும் அதன் அமைப்புகள் அட்டவணையிலேயே தங்கின. வேர்டுபிரஸ்ஸில் தானாக ஏற்றப்பட வேண்டும் எனக் குறிக்கப்பட்ட அமைப்புகள் ஒவ்வொரு பக்கம் திறக்கப்படும் போதும் படிக்கப்படுவதால், கைவிடப்பட்ட அமைப்புகள் தளத்தின் வேகத்தைக் குறைத்தன.

அல்லிநகரம் என்பது எத்தனை பைட்டு?

ஓர் அமைப்பு ஒற்றைச் சொல்லாக இருந்தால் சேமிப்பது எளிது. ஆனால் பல அமைப்புகள் தொகுப்புகளாக இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளைவிக்கும் உழவர் குழு ஒன்று, தன் தளத்தில் விலை கேட்பதற்கான ஒரு படிவத்தை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஊர் எனும் புலத்தில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் என்ற பட்டியல், எத்தனை கிலோ எனும் புலம், விலை மாறினால் மின்னஞ்சல் அனுப்பலாமா எனும் தேர்வுப் பெட்டி, அடியில் முகவரி. இவை யாவும் சேர்ந்து ஒரே படிவத்தின் அமைப்புகள். இவற்றை ஒரே கட்டத்துக்குள் வைக்க, பி.எச்.பி. மொழியின் 'தொடராக்கம்' எனும் முறை பயன்படுத்தப்பட்டது.

இம்முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்படும். இந்த நீளம் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று; பைட்டுகளின் எண்ணிக்கை. இங்குதான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு தோன்றுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'அல்லிநகரம்' என்ற சொல்லைத் தமிழ் இலக்கணப்படி எண்ணினால் ஏழு எழுத்துகள். ஒருங்குறியில் புள்ளியும் இகரக் கொக்கியும் தனிக் குறியீடுகள் என்பதால் பத்துக் குறியீடுகள். பைட்டுக் கணக்கில் முப்பது. ஒரே சொல்லுக்கு 7, 10, 30 என மூன்று நீளங்கள்.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு படிவத்தின் அடிக்குறிப்பில் ஆங்கில எழுத்துகளில் 'தேனி அல்லிநகரம்' என இருக்கிறது. இடைவெளியுடன் அதன் நீளம் 17 பைட்டு. தளத்தைப் புதிய வழங்கிக்கு மாற்றும் போது, தரவுத்தள நகலை ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து, ஆங்கிலப் பெயர் வரும் இடங்களிலெல்லாம் தமிழ்ப் பெயரை இட்டு மாற்றுகிறார் ஒருவர். தமிழில் அது 43 பைட்டு. ஆனால் முன்னால் எழுதப்பட்ட 17 எனும் எண் மாறவில்லை. நிரல் 17 பைட்டுகளைப் படிக்கிறது. 'தேனி' முடிந்து, இடைவெளி முடிந்து, 'அ' முடிந்து, அடுத்த 'ல' எழுத்தின் முதல் பைட்டோடு கணக்கு முடிகிறது. அங்கே இருக்க வேண்டிய மேற்கோள் குறி இல்லாததால், நிரல் அந்தத் தொகுப்பு முழுவதையும் பிழையானது எனத் தள்ளிவிடுகிறது.

மாற்றியது ஒரு பெயரை மட்டுமே. ஆனால் ஊர்ப் பட்டியலும், மின்னஞ்சல் முகவரியும், மற்ற அமைப்புகளும் சேர்ந்தே போகின்றன. தரவுத்தளத்தில் அவை கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்கும். தளத்திலோ தொடக்க மதிப்புகளே தோன்றும். வேர்டுபிரஸ்ஸில் தளப் பெயர் போன்ற ஒற்றை மதிப்புகள் தொடராக்கம் இன்றியே சேமிக்கப்படுவதால் அவை தப்பின. ட்ரூபலின் ஏழாம் பதிப்பு வரை தளப் பெயர் உட்பட அனைத்தும் தொடராக்கம் செய்யப்பட்டன. பின்னாளில் வேர்டுபிரஸ்ஸின் கட்டளைவரிக் கருவியில், தொடராக்கத்தைப் பிரித்து, சொல்லை மாற்றி, நீளத்தையும் திருத்தி எழுதும் தேடல்-மாற்றல் வசதி வந்தது. இடம் மாற்றும் வேலைக்கு அதையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

கேள்விக்குறிகளாக மாறிய தமிழ்

நீளத்தைக் காட்டிலும் பெரிய இழப்பை ஏற்படுத்தியது குறியாக்கம். 1990களின் இறுதியில் தமிழ் இணையத்தில் தகுதரம் எனப்பட்ட டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் எனப் பல குறியாக்கங்கள் இருந்தன. இவை ஓர் எழுத்துருவுக்கு ஒரு பைட்டு எனும் முறையில் அமைந்தவை. 2000க்குப் பின் ஒருங்குறி பரவியது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

வலைப்பக்கம் ஒருங்குறிக்கு மாறிய வேகத்தில் தரவுத்தளம் மாறவில்லை. 2004 இல் வந்த மை எஸ்.கியூ.எல். 4.1 பதிப்பு எழுத்துக் குறியாக்கங்களைப் பிரித்தறியத் தொடங்கியது. ஆனால் அதன் இயல்பான குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய லத்தீன்-1 ஆகவும், அகர வரிசை சுவீடிய மொழிக்குரியதாகவும் இருந்தது. அதனை உருவாக்கிய நிறுவனம் சுவீடனைச் சேர்ந்தது.

வேர்டுபிரஸ் தமிழை ஒருங்குறியில் அனுப்பியது. தரவுத்தளம் அதை லத்தீன் எழுத்துகள் என எண்ணி வாங்கி வைத்தது. கேட்ட போது அதே பைட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. இரு பக்கமும் ஒரே தவறு நடந்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. 2007 மே மாதம் வந்த வேர்டுபிரஸ் 2.2 பதிப்பு, தரவுத்தளக் குறியாக்கத்தைக் குறிப்பதற்கான ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்தது. பழைய தளம் வைத்திருந்தவர்கள் அந்த வரியில் யூ.டி.எஃப்.-8 என எழுதினால், தரவுத்தளம் தன்னிடமுள்ள 'லத்தீன்' எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றி அனுப்பத் தொடங்கும். அப்போது தமிழுக்குப் பதிலாகக் கோடிட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் எழுத்து கொண்ட வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறித் தோன்றும். தமிழ்க் குறியீடுகளின் முதல் இரு பைட்டுகள் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அதே இரு குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்நிலை மீட்கக்கூடியது. பைட்டுகள் அப்படியே இருப்பதால் குறியாக்கத்தைச் சரியாகக் குறித்தால் தமிழ் திரும்பிவிடும். மீட்க முடியாத நிலை வேறொன்று. இணைப்பு ஒருங்குறியாகவும் அட்டவணை லத்தீன்-1 ஆகவும் இருக்கும் போது புதிதாகத் தமிழில் சேமித்தால், லத்தீனில் இல்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்படும். 'அல்லிநகரம்' பத்துக் கேள்விக்குறிகளாகிவிடும். அதிலிருந்து மூலச் சொல்லைப் பெற வழியில்லை. 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி மட்டும் வழக்கம் போல் தோன்றியிருக்கும்.

இதன் தொடர்ச்சி ஒன்றும் உண்டு. மை எஸ்.கியூ.எல். 'யூ.டி.எஃப்.-8' எனப் பெயரிட்டிருந்த குறியாக்கம் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டு வரை மட்டுமே ஏற்றது. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். 2019 மார்ச்சில் வந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் பிற வழக்குக் குறிகளுமாக 51 குறியீடுகள் 'தமிழ்ச் சேர்க்கை' எனும் தொகுதியில் இடம்பெற்றன. இவை நான்கு பைட்டுகளைக் கொண்டவை. பழைய அட்டவணையில் கண்டிப்பு முறை இல்லாத நிலையில் இவற்றுள் ஒன்றைச் சேமித்தால், அக்குறியிலிருந்து தொடங்கி மீதி உரை முழுவதும் வெட்டப்படும். நான்கு பைட்டு ஏற்கும் குறியாக்கத்துக்கு வேர்டுபிரஸ் 2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் மாறியது. மை எஸ்.கியூ.எல். 2018 இல் வந்த 8.0 பதிப்பில் அதையே இயல்பாக்கியது.

ஜூம்லாவின் வழி

ஜூம்லாவில் ஒவ்வொரு நிரல்கூறுக்கும் ஒரு விளக்கக் கோப்பு உண்டு. அதில் எந்தெந்த அமைப்புகள் தேவை எனக் குறித்தால், நிர்வாகப் பக்கத்தில் படிவம் தானாக உருவாகும். நிரப்பிய மதிப்புகள், அந்த நிரல்கூறு பதிவாகியுள்ள அதே வரிசையில் ஒரு கட்டத்தில் சேமிக்கப்படும். எனவே ஒரே நிரல்கூறை இரு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு அமைப்புகள் தர முடிந்தது.

2008 இல் வந்த 1.5 பதிப்பில் இம்மதிப்புகள் வரிக்கு ஒன்றாக, பெயர், சமக்குறி, மதிப்பு என எழுதப்பட்டன. 2011 இல் வந்த 1.6 பதிப்பு முதல் ஜேசன் எனும் வடிவம் வந்தது. ஜேசன் வடிவத்தில் நீளம் எழுதப்படுவதில்லை. சொல்லை மாற்றினாலும் தொகுப்பு உடைவதில்லை. ஆனால் பி.எச்.பி. இயல்பாகத் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் அதன் ஒருங்குறி எண்ணாக மாற்றியே ஜேசனில் எழுதும். தரவுத்தளத்தில் 'தேனி' என்று தேடினால் அது கிடைக்காது. நான்கு எண் கோவைகளாகவே இருக்கும். உரை அழியாது என்ற போதிலும், மனிதக் கண்ணுக்கு அது படிக்கத்தக்கதாக இல்லை.

சேமிப்பவர் யார், சேமிப்பது எது?

நிர்வாகி உள்நுழைந்திருக்கும் நேரத்தில் வேறொரு தளம் அவர் அறியாமலே அவர் பெயரில் படிவத்தை அனுப்பிவிட முடியும் என்பது அறியப்பட்டது. 2006 இல் வேர்டுபிரஸ் 2.0.3 பதிப்பில், படிவத்தோடு குறுகிய காலம் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு மறைச்சொல்லை இணைக்கும் முறை வந்தது. 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பு, அமைப்புகளுக்கான பொது முறை ஒன்றைத் தந்தது. அதன்படி, செருகுநிரல் தன் அமைப்புகளை முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப்படாத எதுவும் அப்படிவம் வழியாகச் சேமிக்கப்படாது. மதிப்பைத் தூய்மைப்படுத்தும் செயற்கூறையும் அதனுடன் இணைக்கலாம்.

இதில் தேர்வுப் பெட்டிச் சிக்கலுக்கும் தீர்வு இருந்தது. பதிவு செய்த அமைப்புக்கு மதிப்பு வரவில்லையெனில் வெறுமை எனச் சேமிக்கப்படும்; 'வேண்டாம்' என்பது 'வேண்டாம்' என்றே பதிவாகும். எனினும், ஒரே குழுவாகப் பதிவு செய்த அமைப்புகளை இரு பக்கங்களாகப் பிரித்துக் காட்டினால், ஒரு பக்கத்தைச் சேமிக்கும் போது மற்றப் பக்கத்தின் அமைப்புகள் வெறுமையாகிவிடும். ஒரு குழுவுக்கு ஒரு படிவம் என்பதே பாதுகாப்பான வழி.

தூய்மைப்படுத்தும் செயற்கூறிலும் தமிழுக்கு இடர் உண்டு. பெயரில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே வரலாம் என எழுதப்பட்ட விதி, தமிழ்ப் பெயரை முழுவதும் நீக்கிவிடும். இருபது எழுத்துக்கு மேல் கூடாது எனும் வரம்பைப் பைட்டுக் கணக்கில் அளந்தால், ஏழு எழுத்துள்ள 'அல்லிநகரம்' வரம்பு மீறியதாகிவிடும். பைட்டுக்குப் பதில் குறியீடுகளை எண்ணும் செயற்கூறுகள் பி.எச்.பி. மொழியில் தனியாக உள்ளன. அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

மீண்டும் கோப்புக்கு: ட்ரூபல் 8

தரவுத்தள முறையில் ஒரு குறை நீடித்தது. சோதனைத் தளத்தில் செய்து பார்த்த அமைப்புகளை உண்மைத் தளத்துக்கு எடுத்துச் செல்ல எளிய வழி இல்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும் இல்லை.

2015 நவம்பர் 19 அன்று வெளியான ட்ரூபல் 8 இதற்கு விடை கண்டது. 'வேரியபிள்' அட்டவணை நீக்கப்பட்டது. ஒவ்வொரு நிரல்கூறும் தன் தொடக்க அமைப்புகளை யாமல் எனும் எளிய உரை வடிவில் ஒரு கோப்பில் கொண்டு வரும். நிறுவும் போது அவை தரவுத்தளத்துக்குச் செல்லும். நிர்வாகி படிவத்தில் மாற்றுபவையும் அங்கேயே சேமிக்கப்படும். தேவையான போது அனைத்தையும் மீண்டும் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, நிரலைப் போலவே பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். மற்றொரு நகல் தளத்தில் இறக்குமதி செய்யலாம். தவறுதலாக வேறு தளத்தின் அமைப்புகள் மேலெழுதப்படாமல் இருக்க, தளத்துக்குரிய அடையாள எண் ஒத்துப் போனால் மட்டுமே இறக்குமதி நடைபெறும்.

தமிழுக்கு இதில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. ஒவ்வோர் அமைப்பும் எண்ணா, ஆம்-இல்லை விடையா, மொழிபெயர்க்கத்தக்க உரையா என்பதை ஒரு வரையறைக் கோப்பு குறிக்கிறது. உரை எனக் குறிக்கப்பட்டவற்றுக்கு மொழிவாரியாக வேறு மதிப்புகளைச் சேமிக்கலாம். ஒரே தளத்தின் பெயர் ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலமாகவும் தமிழ்ப் பக்கத்தில் தமிழாகவும் இருக்க, முந்தைய பதிப்புகளில் கூடுதல் நிரல்கூறுகளை நாட வேண்டியிருந்தது. எட்டாம் பதிப்பில் அது மூல மென்பொருளோடு சேர்ந்தே வந்தது.

பயனரின் விருப்பங்கள்: தமிழ் விக்கிப்பீடியா

இதுவரை கண்டவை தளத்தின் அமைப்புகள். பயனர் ஒவ்வொருவரின் விருப்பங்களைச் சேமிப்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியா நல்ல சான்று. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 'என் விருப்பத்தேர்வுகள்' எனும் படிவத்தில் பயனர் தரும் விடைகள் முதலில் பயனர் அட்டவணையில் ஒரே கட்டத்தில் வரி வரியாக எழுதப்பட்டன. 2010 இல் வந்த மீடியாவிக்கி 1.16 பதிப்பில் இதற்கெனத் தனி அட்டவணை வந்தது. இயல்பான மதிப்பிலிருந்து மாறுபட்டவை மட்டும் அதில் பதிவாயின.

தமிழில் எழுத உதவும் தட்டச்சுக் கருவியின் விருப்பங்களும் இத்தகையவே. 2011 இல் விக்கித் திட்டங்களுக்கு வந்த 'நாராயம்' எனும் கருவி, ஒலிபெயர்ப்பா தமிழ்99 விசைப்பலகையா எனும் தெரிவை உலாவியின் நினைவியில் வைத்தது. 2013 இல் அதற்குப் பதிலாக வந்த பொதுமொழித் தேர்வி, உள்நுழைந்த பயனரின் தெரிவை விக்கியின் தரவுத்தளத்திலும், உள்நுழையாதவரின் தெரிவை உலாவியிலும் சேமிக்கிறது. நூலகக் கணினியில் உள்நுழைந்து எழுதும் மாணவருக்கு, வீட்டில் தேர்ந்த விசைப்பலகையே அங்கும் கிடைக்கும். உள்நுழையாதவர் ஒவ்வொரு கணினியிலும் புதிதாகத் தேர வேண்டும். எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி பயனரின் அன்றாட வசதியைத் தீர்மானிப்பதை இங்குக் காணலாம்.

தேனி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் மற்றொரு வழிக்குச் சான்றாகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள அத்தளம், தேசியத் தகவலியல் மையம் அரசு அலுவலகங்களுக்கென வழங்கும் பொதுச் சேவையில் இயங்குகிறது. பல மாவட்டங்களின் தளங்கள் ஒரே சட்டகத்தில் அமைவதால், மாவட்ட அலுவலகம் உள்ளடக்கத்தில் கவனம் செலுத்தினால் போதும். தனியார் நடத்தும் சிறு தளங்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் பாதுகாப்பு அவற்றை நடத்துபவரிடமே உள்ளது.

சிறு தளங்களை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

1. புதுப்பிக்கும் முன்பும் இடம் மாற்றும் முன்பும் கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டையும் நகலெடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தளத்தை மீட்க இயலாது.

2. நகலை ஒரு முறையேனும் வேறிடத்தில் நிறுவித் தமிழ் சரியாக வருகிறதா எனப் பார்க்க வேண்டும்.

3. அட்டவணையின் குறியாக்கமும் இணைப்பின் குறியாக்கமும் நான்கு பைட்டு ஏற்கும் யூ.டி.எஃப்.-8 ஆக இருக்க வேண்டும்.

4. தரவுத்தள நகலை உரைத்தொகுப்பியில் திறந்து சொற்களை மாற்றக் கூடாது.

5. சேமித்த பின் பக்கத்தை மீண்டும் திறந்து, எழுதியது எழுதியபடி உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை

கோப்பில் தொடங்கிய அமைப்புகள் தரவுத்தளத்துக்குச் சென்று, இன்று இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் நிலையை அடைந்துள்ளன. தொடராக்கம், ஜேசன், யாமல் என வடிவங்களும், லத்தீன்-1 முதல் நான்கு பைட்டு யூ.டி.எஃப்.-8 வரை குறியாக்கங்களும் மாறி வந்துள்ளன. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரல்களில் பைட்டும் எழுத்தும் ஒன்றே என்ற எண்ணம் மறைந்திருந்தது. தமிழ் போன்ற மொழிகளில் அமைப்புகள் உடைந்த போதுதான் அப்பிழைகள் வெளிப்பட்டன. அவற்றைச் சரிசெய்ததால் எல்லா மொழியினரும் பயன் பெற்றனர்.

'சேமிக்கப்பட்டது' என்பது மென்பொருள் தரும் செய்தி மட்டுமே. அது உண்மைதானா என்பதை, அடுத்த புதுப்பிப்புக்கும் அடுத்த இடமாற்றத்துக்கும் பிறகு, எழுதிய தமிழ் எழுதியபடியே திரும்பி வருவதைக் கொண்டே உறுதி செய்ய முடியும்.